இசை வருகிறது, குரல் வரவில்லை

பழைய கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டைச் செருகிவிட்டு ஒருவர் "சத்தம் வரவில்லை" என்று சொன்னால், அதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தச் சத்தம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1987 முதல் ஏறத்தாழ 1997 வரை ஐபிஎம் வகைக் கணினிகளுக்கு வந்த சவுண்ட் கார்டு, பார்வைக்கு ஒரே பலகை. உள்ளே மூன்று நான்கு தனித்தனிக் கருவிகள். இசை போடும் சிப் ஒன்று. பதிவு செய்த குரலையும் துப்பாக்கிச் சத்தத்தையும் ஒலிக்கும் பகுதி வேறொன்று. மிடி கருவிகளுக்கான வாசல், ஜாய்ஸ்டிக் வாசல், சிடி டிரைவுக்கான இணைப்பு ஆகியவை அதற்கு மேல். இவை ஒவ்வொன்றும் கணினியோடு பேசும் வழி வேறு. ஒன்று செத்துக் கிடக்கும்போது மற்றது நன்றாக ஓடும். ஆர்வலர்கள் தங்களுக்குள் சொல்லிச் சொல்லி வளர்த்த வைத்தியங்களை வரிசையாகப் பார்த்தால், பலித்தவை பெரும்பாலும் இந்தப் பிரிவினையை மதித்தவை. கார்டு முழுவதையும் ஒரே நோயாளியாக எண்ணிச் சொன்ன யோசனைகள்தான் வீண் அலைச்சல் கொடுத்தன.

இந்தக் கலவை எப்படி வந்தது என்பது தெரிந்தால் பாதிப் பழுது புரிந்துவிடும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது ஒரு சிறு ஸ்பீக்கர் மட்டுமே. நேரம் கணக்கிட வைத்த இன்டெல் 8253 சிப்பின் ஒரு பகுதி அதைக் கூவ வைத்தது. கனடாவின் கியூபெக் நகரில், லாவல் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம், 1987இல் ஒரு மியூசிக் கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உயிர் யமஹாவின் ஒய்எம்3812 சிப். ஓபிஎல்2 என்பது அதன் செல்லப்பெயர். ஓர் அலையை இன்னோர் அலையால் அசைத்து ஒலியை உண்டாக்கும் எஃப்எம் முறையில் ஒரே நேரத்தில் 9 ஸ்வரங்களை எழுப்பும். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்து, யமஹா உரிமம் வாங்கிப் பயன்படுத்திய முறை அது. 1988இல் சியரா நிறுவனம் 'கிங்ஸ் க்வெஸ்ட் 4' விளையாட்டில் இந்தக் கார்டுக்கு இசை சேர்த்தபின் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ஆனால் மனிதக் குரலைப் பதிவு செய்து ஒலிக்க ஆட்லிப்பில் வழி கிடையாது.

அந்த வழியைச் சேர்த்தது சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி. சிம் வோங் ஹூ 1981இல் நிறுவிய இந்தக் கம்பெனி முதலில் இரண்டு பிலிப்ஸ் சிப்களை வைத்து ஒரு மியூசிக் கார்டு போட்டது. அது ஆட்லிப்பின் முன் எடுபடவில்லை. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டரில் அவர்கள் புத்திசாலித்தனமாக ஆட்லிப்பின் சிப்பையே வைத்தார்கள். தங்கள் பழைய பிலிப்ஸ் சிப்களையும் வைத்தார்கள். அதோடு குரலுக்காக இன்டெல் 8051 வகை நுண்கட்டுப்படுத்தி ஒன்றைச் சேர்த்து, அதற்கு டிஎஸ்பி என்று பெரிய பெயர் சூட்டினார்கள். அடுத்து வந்த 1.5 பதிப்பில் பிலிப்ஸ் சிப்களை எடுத்துவிட்டு வெறும் சாக்கெட்டுகளை மட்டும் விட்டார்கள். கார்டில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று பதறுகிறவர்கள் இன்றும் உண்டு. அது பழுதே இல்லை. தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. டாஸ் காலத்தில் இயங்குதளத்துக்குச் சவுண்ட் கார்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. விளையாட்டுதான் நேரடியாகக் கார்டின் வாசல் எண்களில் எழுதும், படிக்கும். ஆகவே 'சவுண்ட் பிளாஸ்டருக்கு இணக்கமானது' என்று பெட்டியில் அச்சிட்ட எந்த நிறுவனமும், எழுத்தில் இருந்த தரத்துக்கு உட்பட்டு அதைச் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட பலகை எப்படி நடந்துகொண்டதோ அதுவே தரம். அதன் குறைகள் உட்பட. "டிரைவரைத் திரும்பப் போட்டுப் பார்" என்று விண்டோஸ் பழக்கத்தில் சொல்லும் யோசனை டாஸில் பெரும்பாலும் பொருளற்றதாகிவிடுவது இதனால்தான்.

சரி, இசை வருகிறது, குரல் வரவில்லை. மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுதான். மிக எளிதாகத் தீர்வதும் இதுதான். இசைச் சிப் 388 என்ற வாசலில் (இந்த வாசல் எண்களெல்லாம் பதினாறு நிலை எண்கள்) உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேறு எந்த உதவியும் வேண்டாம். ப்ராசஸர் எழுதினால் அது பாடும். குரல் பகுதியோ மூன்று விஷயங்களில் ஒத்துப்போக வேண்டும்: வாசல் எண், வழக்கமாக 220, ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து தரவை இழுக்க டிஎம்ஏ தடம், வழக்கமாக 1, ஒரு துண்டு முடிந்ததும் "அடுத்ததைக் கொடு" என்று ப்ராசஸரைக் கூப்பிட ஐஆர்க்யூ கம்பி, 5 அல்லது 7. இதில் எது தவறினால் என்ன நடக்கும் என்பது காதுக்கே தெரியும். ஐஆர்க்யூ மட்டும் தவறாக இருந்தால் முதல் துண்டு ஒலிக்கும், பிறகு நின்றுபோகும். அல்லது அதே அரை வினாடிச் சத்தம் திக்கித் திக்கித் திரும்ப வரும். டிஎம்ஏ தவறினால் பொதுவாக மயான அமைதி, சில விளையாட்டுகள் அப்படியே உறைந்துவிடும். வாசல் எண்ணே தவறினால் கார்டு இருப்பதையே விளையாட்டு ஒப்புக்கொள்ளாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலரை இது தவறான பாதையில் இழுத்துச் சென்றிருக்கிறது. எத்தனை பைட் வந்தது என்று டிஎஸ்பி எண்ணிக்கொண்டே போய், கணக்கு முடிந்ததும்தான் ஐஆர்க்யூ கம்பியை இழுக்கும். டிஎம்ஏ தடம் தவறாக இருந்தால் தரவே வராது, எண்ணிக்கை முடியாது, ஐஆர்க்யூ கம்பியில் வர வேண்டிய அழைப்பான இன்டரப்டும் வராது. அப்போது சோதனை நிரல் "ஐஆர்க்யூ வேலை செய்யவில்லை" என்று அறிவிக்கும். மனிதர் ஐஆர்க்யூ எண்ணைத் தீர்மானிக்கும் சிறு செருகியான ஜம்பரை மாற்றி மாற்றி ஓய்ந்துபோவார். குற்றம் பக்கத்து ஜம்பரில் இருக்கும். டிஎஸ்பிக்கு எஃப்2 என்றொரு கட்டளை உண்டு: தரவு ஏதும் இல்லாமலே உடனடியாக இன்டரப்டை எழுப்பச் சொல்வது. அதைப் பயன்படுத்தும் சோதனை நிரல் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். அதற்கும் முன் டிஎஸ்பி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 226ஆம் வாசலில் 1 எழுதி, சில மைக்ரோ வினாடி பொறுத்து 0 எழுத வேண்டும். 22ஏ வாசலில் ஏஏ, அதாவது பத்து நிலையில் 170, என்ற பதில் வந்தால் அது விழித்திருக்கிறது. டாஸோடு வரும் டீபக் நிரலை வைத்தே இதைக் கையால் செய்து பார்க்கலாம்.

ஐஆர்க்யூ 7 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரம்ப சவுண்ட் பிளாஸ்டர்கள் தொழிற்சாலையிலிருந்து 7இல்தான் வந்தன. அது முதல் பிரிண்டர் வாசலின் கம்பி. அக்காலக் கார்டுகள் நுழையும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் ஒரே இன்டரப்ட் கம்பியை இரண்டு கார்டுகள் பகிர முடியாது. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரிண்டரும் சவுண்ட் கார்டும் 7இல் ஒன்றாக வாழ்ந்தன. காரணம், டாஸ் பிரிண்டரிடம் பேசும்போது இன்டரப்டைப் பயன்படுத்தாமல் "தயாரா, தயாரா" என்று திரும்பத் திரும்பக் கேட்டே அச்சடித்தது. பிரிண்டரின் கம்பி பெயருக்குத்தான் இருந்தது. சில பிரிண்டர் கார்டுகள் மட்டும் அந்தக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அங்கேதான் மோதல். இதனால் "எனக்கு 7 நன்றாகவே வேலை செய்கிறதே" என்பவரும் "7 ஒருபோதும் வேலை செய்யாது" என்பவரும் இருவருமே உண்மை பேசினார்கள். பிற்பாடு சவுண்ட் பிளாஸ்டர் 16 காலத்தில் 5 வழக்கமாகியது. ஆனால் பழைய எக்ஸ்டி வகைக் கணினியில் 5 என்பது ஹார்ட் டிஸ்க் கட்டுப்பாட்டு அட்டையின் கம்பி. அங்கே போய் 5 வைத்தால் சத்தம் மட்டுமா போகும்? இன்னொரு பக்கம், ஆரம்பகால விளையாட்டுகள் சில யாரையும் கேட்காமல் 220, 7, 1 என்றே எழுதப்பட்டவை. 5இல் வைத்த கார்டில் எல்லாம் ஒலிக்க, ஒரே ஒரு பழைய விளையாட்டு மட்டும் ஊமையாக இருந்தால், ஜம்பரை 7க்கு மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை.

ஆட்டோஎக்ஸெக் கோப்பில் எழுதும் பிளாஸ்டர் வரி பற்றிய குழப்பமும் இதோடு சேர்ந்தது. வாசல், ஐஆர்க்யூ, டிஎம்ஏ, கார்டின் வகை எண் எல்லாம் அந்த ஒரே வரியில் வரும். முதல் சவுண்ட் பிளாஸ்டருக்கு வகை 1, சவுண்ட் பிளாஸ்டர் 16க்கு வகை 6. ஜம்பர் வைத்த கார்டில் இந்த வரி ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. பலகையை மாற்றி எழுதினால் வீட்டுக்காரர் மாறிவிட மாட்டார். சவுண்ட் பிளாஸ்டர் 16இல் கதை கொஞ்சம் வேறு. வாசல் எண்ணை ஜம்பரும், ஐஆர்க்யூ டிஎம்ஏ இரண்டையும் மிக்ஸர் சிப்பின் இரண்டு பதிவேடுகளும் தீர்மானிக்கின்றன. கிரியேட்டிவின் டயக்னோஸ் நிரல் கணினி தொடங்கும்போது அந்த வரியைப் படித்துக் கார்டில் எழுதிவிடும். ஆக, ஒரே வரி ஒரு கார்டில் அறிவிப்பு, இன்னொன்றில் ஆணை. பொதுவான அறிவுரை ஏன் பாதிப் பேருக்குப் பலிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

மற்ற மோதல்களை வேகமாகக் கடக்கலாம். மிடி வாசல் 330இல் இருக்கும். அடாப்டெக் 1542 ஸ்கஸி கார்டும் பிறவியிலேயே 330இல்தான். மல்ட்டி ஐஓ கார்டிலும் சவுண்ட் கார்டிலும் ஜாய்ஸ்டிக் வாசல் இருந்தால் இரண்டும் 201க்குப் பதில் சொல்லும். ஒன்றை ஜம்பரால் அடைக்க வேண்டும். 16 பிட் ஒலிக்கான டிஎம்ஏ 5ஆம் தடம் சில மதர்போர்டுகளில் தகராறு செய்யும். அதையும் 1க்கே இறக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

தலைகீழ்ப் புகார் அரிது, ஆனால் சுவையானது: குரல் வருகிறது, இசை வரவில்லை. இங்கே சந்தேகப்பட வேண்டியது நேரத்தை. ஓபிஎல்2 மெதுவான சிப். எந்தப் பதிவேடு என்று சொன்னபின் 3.3 மைக்ரோ வினாடி, மதிப்பை எழுதியபின் 23 மைக்ரோ வினாடி அதற்கு மூச்சு விட வேண்டும். எட்டு மெகாஹெர்ட்ஸ் கணினியில் நிரல் எழுதியவர் அந்த இடைவெளிக்கு வெற்றுச் சுழற்சி ஒன்றை வைத்திருப்பார். அதே நிரல் 486இலோ பென்டியத்திலோ ஓடும்போது சுழற்சி கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடும். சிப் பாதி எழுத்துகளை விழுங்கிவிடும். ஸ்வரம் கெடும், சில நேரம் கார்டு இருக்கிறதா என்ற சோதனையே தோற்கும். ஏனென்றால் அந்தச் சோதனை ஓபிஎல் சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தை ஓடவிட்டு, சுமார் 80 மைக்ரோ வினாடி கழித்துப் பார்ப்பதுதான். புத்திசாலி நிரலாளர்கள் வெற்றுச் சுழற்சி வைக்கவில்லை. 388ஆம் வாசலை முதல் இடைவெளிக்கு 6 முறையும் இரண்டாவதற்கு 35 முறையும் சும்மா படித்தார்கள். ஸ்லாட் வழியாகப் படிப்பது ப்ராசஸர் எவ்வளவு வேகமானாலும் ஸ்லாட்டின் வேகத்திலேயே நடக்கும். அவர்கள் எழுதிய விளையாட்டுகள் பத்தாண்டு கழித்தும் தப்பின.

வைத்தியம் மூன்று வகை. டர்போ பட்டனை அணைப்பது. ப்ராசஸரின் உள் கேஷை நிறுத்திப் பென்டியத்தை 386 அளவுக்கு மந்தமாக்குவது. அல்லது ஓபிஎல்2இன் அடுத்த தலைமுறையான, அதிக அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஓபிஎல்3 சிப் உள்ள கார்டுக்கு மாறுவது. இவற்றில் கேஷை நிறுத்துவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். செலவில்லை, இரண்டு நிமிடத்தில் சந்தேகம் தீரும். அதற்கு முன் பயாஸில் ஐஎஸ்ஏ கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 8 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டியதை யாரோ எப்போதோ 12க்கு ஏற்றி வைத்திருப்பார்கள். ரோலண்டின் எம்டி-32 என்ற வெளிக்கருவியிலும் இதே நோய் உண்டு. முதல் தலைமுறைக் கருவிக்கு நீண்ட மிடி செய்திகளை இடைவெளி இல்லாமல் அனுப்பினால், இடையகம் நிரம்பிவிட்டது என்று திரையில் காட்டி இசையைக் குழப்பிவிடும். கேபிளை மாற்றிப் பயனில்லை. அனுப்புபவர் நிதானிக்க வேண்டும்.

மிடியில் இன்னொரு பொறி. ரோலண்டின் எம்பியூ-401 இடைமுகத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன: தானே தாளக் கணக்கை வைத்துக்கொள்ளும் 'அறிவார்ந்த' முறை, வந்ததை அப்படியே கடத்தும் எளிய முறை. சவுண்ட் பிளாஸ்டர் 16 முதலான பல கார்டுகள் எளிய முறையை மட்டும் தந்தன. 1980களின் இறுதியில் வந்த விளையாட்டுகள் பல முதல் முறையைக் கேட்டன. பெட்டியில் இரண்டுக்கும் ஒரே பெயர். எந்த ஜம்பரை மாற்றினாலும் இசை வராது. பல வருடம் கழித்து சாஃப்ட்எம்பியூ என்ற நிரலை ஆர்வலர் ஒருவர் எழுதி, இல்லாத அறிவை மென்பொருளில் கொடுத்த பிறகுதான் இது தீர்ந்தது.

இதுவரை சொன்னவற்றில் கார்டுகள் எல்லாம் நல்லவை; சூழ்நிலைதான் கெட்டது. கார்டே தவறாகப் பிறந்த வழக்குகளும் உண்டு. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, தட்டில் சிடி தரத்தை வைத்துக்கொண்டு வந்து சந்தையைப் பிடித்தது. அதன் டிஎஸ்பி நிரலின் 4.11 முதல் 4.13 வரையான பதிப்புகளில் குரலும் மிடியும் ஒரே நேரத்தில் ஓடினால், அணைய வேண்டிய ஸ்வரம் அணையாமல் நீண்டு கத்திக்கொண்டே இருக்கும். குரல், மிடி இரண்டையும் ஒரே சிறு நுண்கட்டுப்படுத்தி சமாளிக்க வேண்டியிருந்ததன் விளைவு. கேபிள், கெப்பாசிட்டர், ஜம்பர் எதுவும் இதைத் தீர்க்காது. 4.05 பதிப்பு உள்ள பழைய கார்டைத் தேடுவது, அல்லது மிடியை வேறு கார்டுக்கு மாற்றுவது, இவை உதவும் வழிகள். பழைய பதிப்பு நல்லது, புதியது கெட்டது என்று வாங்குபவர்கள் சொல்வது வெறும் பழமைப்பற்று இல்லை என்பதற்கு இது சாட்சி.

முதல் சவுண்ட் பிளாஸ்டரில் வேறு குறை. அதன் டிஎஸ்பி ஒரு துண்டை ஒலித்து முடித்தபின் அடுத்த துண்டுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டளை வாங்க வேண்டும். அந்த இடைவெளியில் 'டிக்' என்று கேட்கும். 2.00 பதிப்பில் நிற்காமல் சுழலும் டிஎம்ஏ முறை வந்தது. ஆனால் பழைய கார்டுகளையும் கைவிடக் கூடாது என்று பழைய முறையிலேயே எழுதிய விளையாட்டுகளில், பிந்தைய கார்டிலும் அந்த 'டிக்' தொடர்ந்தது. அதைக் கேட்டு ஸ்பீக்கரை மாற்றியவர்கள் பாவம்.

'இணக்கம்' என்ற சொல்லின் ஓட்டைகள் இங்கே இன்னும் பெரிதாகின்றன. சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோ 1991இல் ஸ்டீரியோ தந்தது. அடுத்த ஆண்டே வந்த 16, கிரியேட்டிவின் சொந்தக் குழந்தையாக இருந்தும் ப்ரோவின் ஸ்டீரியோ முறையை ஏற்கவில்லை. ப்ரோவுக்கு எழுதிய விளையாட்டு அதில் மோனோவாகவே ஒலிக்கும். மாறாக இஎஸ்எஸ், யமஹா, அஸ்டெக் போன்றவர்களின் மலிவு விலைக் கார்டுகள் ப்ரோவை ஒழுங்காகப் பின்பற்றின, 16ஐப் பின்பற்றவில்லை. சவுண்ட் பிளாஸ்டர் ப்ரோவுக்கான விளையாட்டை ஓட்ட அசலை விட நகல் மேல் என்ற நிலை இதனால் வந்தது. இசைச் சிப்பிலும் இதே விளையாட்டு. சௌனிங்கின் எஃப்எம் முறைக்கு 1977இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை 1990களின் நடுவில் முடிந்ததும், யமஹா சிப் இல்லாமலே ஓபிஎல்3 போல ஒலிக்கும் மாற்றுகள் பெருகின. இஎஸ்எஸ் செய்தது அசலுக்கு நெருக்கமாக இருக்கும். கிரியேட்டிவ் தன் பிந்தைய கார்டுகளில் வைத்ததில் மணி ஒலிப்பது போன்ற ஓர் இரைச்சல் படரும். "இசை வருகிறது, ஆனால் நான் சின்ன வயதில் கேட்டது மாதிரி இல்லை" என்ற புகாருக்கு நினைவு மட்டுமே காரணம் என்று தள்ளிவிடக் கூடாது. பலகையில் யமஹா எழுத்து பொறித்த சிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கனடாவின் பர்னபியிலிருந்து 1992இல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் வேறு திசையில் போனது. தன் சொந்த நினைவகத்தில் உண்மையான வாத்தியங்களின் பதிவை ஏற்றி 32 குரல்களைக் கலக்கும். டெமோ எழுதுபவர்களின் செல்லப்பிள்ளை. ஆனால் அதில் ஓபிஎல் சிப்பே இல்லை; சவுண்ட் பிளாஸ்டராக நடிக்க எஸ்பிஓஎஸ் என்ற மென்பொருள் தேவைப்பட்டது. அது ஒரு விளையாட்டில் பலிக்கும், அடுத்ததில் விழும். அதற்கென்றே எழுதாத விளையாட்டை அதில் ஓட்டப் போராடுவதை விட, பக்கத்தில் ஒரு மலிவு கார்டைச் செருகுவதே மேல் என்பது அக்காலத்திலேயே பலர் வந்தடைந்த முடிவு.

இப்போது மின்சாரப் பக்கம். பழைய மின்கருவி என்றால் உடனே "எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்று" என்று சொல்வது இன்றைய வழக்கம். இதில் எனக்கு உடன்பாடு குறைவு. தகட்டின் மேல் ஒட்டிய சிறு அலுமினியக் கெப்பாசிட்டர்கள் கசிந்து தடங்களை அரிப்பது உண்மை. அடியில் பச்சையோ பழுப்போ கறை தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். டான்டலம் வகை, குறிப்பாக 12 வோல்ட் கம்பியில் இருப்பவை, ஷார்ட் ஆகிக் கணினியையே தொடங்கவிடாமல் செய்யும். சில நேரம் புகையும் விடும். கார்டைக் கழற்றினால் கணினி ஓடுகிறது, செருகினால் சப்ளை அணைந்துவிடுகிறது என்றால் மல்ட்டிமீட்டரை முதலில் அங்கே வைக்க வேண்டும். ஆனால் துளையிட்டுப் பொருத்திய பெரிய கெப்பாசிட்டர்கள் முப்பது வருடத்துக்குப் பின்னும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பழகாத கையில் சால்டரிங் அயர்ன் செய்யும் சேதம், அவை செய்யக்கூடிய சேதத்தைவிடப் பெரிது.

உண்மையில் அதிகம் கெடுவது யாரும் கவனிக்காத பாகங்கள். ஆரம்ப கார்டுகளின் பின்புறத்தில் ஒரு சிறு வால்யூம் சக்கரம் உண்டு. அதன் உள்ளே தூசும் துருவும் படிந்தால் ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும், கரகரக்கும். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டினால் போதும். 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டின் சால்டர் விரிசல் விட்டிருக்கும். ஸ்லாட்டில் நுழையும் தங்க விளிம்பில் அழுக்கு இருந்தால் ஆல்கஹால் தொட்ட துணி போதும். ரப்பரால் தேய்ப்பதை நான் விரும்புவதில்லை, பூச்சு தேய்கிறது. புதிய ஏடிஎக்ஸ் பவர் சப்ளையை வைத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் மைனஸ் 5 வோல்ட் கம்பி தரத்திலிருந்து விலக்கப்பட்டது. அதை நம்பிய பழைய கார்டுகள் சில புதிய சப்ளையில் மௌனம் சாதிக்கும். கார்டு செத்துவிட்டது என்று எறியும் முன் ஸ்லாட்டில் அந்த மின்னழுத்தம் வருகிறதா என்று அளந்து பார்ப்பது நல்லது.

இரைச்சல் தனி வழக்கு. மவுசை நகர்த்தினால் கிர்ரென்கிறது, டிஸ்க் ஓடினால் உய்யென்கிறது என்றால் பெரும்பாலும் கார்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பெருக்கிதான் காரணம். அக்கால கார்டுகள் பெருக்கி இல்லாத ஸ்பீக்கர்களை நேரடியாக ஓட்ட டிஇஏ2025 போன்ற சிப்பைச் சுமந்தன. இன்றைய ஸ்பீக்கரில் அதற்கென்றே பெருக்கி இருப்பதால் இரட்டைப் பெருக்கம் ஆகிறது. பலகையில் அதைத் தவிர்க்கும் ஜம்பர் இருந்தால் மாற்றுங்கள். மிக்ஸரில் பயன்படாத மைக், சிடி வழிகளை மூடுங்கள். மீதி இரைச்சலோடு வாழப் பழக வேண்டியதுதான்.

1990களின் நடுவில் ஜம்பர்களே மறைந்தன. பிளக் அண்ட் ப்ளே கார்டு கணினி தொடங்கும்போது தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது எழுப்பி, வாசலும் கம்பியும் ஒதுக்க வேண்டும். விண்டோஸ் 95 எழுப்பும். வெறும் டாஸில், பழைய பயாஸ் உள்ள 486இல், எழுப்ப ஆளில்லை. நல்ல கார்டு செத்ததாகவே தோன்றும். கிரியேட்டிவின் சிடிசிஎம் நிரலோ, பல நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவாக ஆர்வலர் எழுதிய யூனிசவுண்டோ அந்த வேலையைச் செய்கின்றன. இரண்டாவது வந்தபின் பழைய கடைகளில் கிடைக்கும் பெயர் தெரியாத கார்டுகளின் மதிப்பே மாறிவிட்டது. டிரைவர் டிஸ்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்து வந்த பிசிஐ கார்டுகளுக்குப் பழைய டிஎம்ஏ தடமே கிடையாது. அவற்றில் பல மென்பொருள் வேடம் போட்டுத்தான் சவுண்ட் பிளாஸ்டராக நடித்தன. அங்கே கிடைக்கும் வெற்றி தோல்வியை ஜம்பர் காலத்து அறிவால் விளக்க முடியாது.

ஆர்வலர்களின் உழைப்பில் மிக ஆழமானது வேறு இடத்தில் நடந்தது. 2008இல் ஒய்எம்3812 சிப்பின் உறையைக் கரைத்து, உள்ளே புகைப்படம் எடுத்து, அதன் 256 இட சைன் அட்டவணையையும் அடுக்கு அட்டவணையையும் இருவர் வாசித்தெடுத்தார்கள். அதுவரை காதால் ஊகித்துச் செய்த போலிகள் அதன்பின் கணக்காகவே அசலைத் தொட்டன. ஒலி கோணலாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அசல் சிப் என்ன செய்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இப்போது அளவுகோல் இருக்கிறது. ராஸ்பெரி பை பிகோவின் சிப்பை ஐஎஸ்ஏ கார்டில் வைத்து அல்ட்ராசவுண்டாகவும் ஆட்லிப்பாகவும் நடிக்க வைக்கும் பிகோகஸ், பழைய பலகையை அப்படியே வரைந்தெடுத்த ஸ்னார்க் பார்க்கர் போன்ற மறுபடைப்புகளும் வந்துவிட்டன. இவை மலிவு, பழுது பார்ப்பவருக்குக் கைக்கருவியாகவும் உதவும். சந்தேகக் கார்டை எடுத்துவிட்டு இதை அதே அமைப்பில் செருகி ஒலித்தால், குற்றம் கணினியில் இல்லை என்று உறுதியாகிவிடும்.

எந்த ஒரு கார்டும் எல்லா விளையாட்டுக்கும் சரிவராது என்பதால், இன்று 486 கட்டுபவர்கள் இரண்டு கார்டு போடுகிறார்கள்: ப்ரோ முறைக்கும் அசல் ஓபிஎல்3க்கும் யமஹா ஒய்எம்எஃப்719 போன்ற ஒன்று, 16 பிட் குரலுக்கு சவுண்ட் பிளாஸ்டர் 16. என் கணிப்பிலும் இதுவே நல்ல ஏற்பாடு. ஒன்றை 220இலும் மற்றதை 240இலும் வைத்து, ஐஆர்க்யூவையும் டிஎம்ஏவையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் குரல்கள் மோதாது. ஆனால் சவுண்ட் பிளாஸ்டர் 16இன் இசைச் சிப்பை 388இலிருந்து விலக்க ஜம்பர் கிடையாது. யமஹா கார்டின் ஓபிஎல்லும் அங்கேயே திறந்திருந்தால் இரண்டும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும். யூனிசவுண்டில் யமஹாவின் 388ஐ மூடினால் அதை வாங்கிய காரணமே போய்விடும். ஆகவே 16இன் இசையை அதன் மிக்ஸரில் அணைத்து வைத்துவிட்டு, ஏதாவது ஒரு விளையாட்டு தொடங்கும்போது மிக்ஸரைப் பழைய நிலைக்குத் திருப்பி எழுதுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.